ஸ்டூலுக்கு நூற்றுக்கு நூறு

ஆந்தை எழுந்தான். தண்ணீர் கொதிக்கவைத்தான். தேநீர் போட்டான், குடித்தான், கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான். முகம் மழித்தான். முந்தைய நாள் தேய்த்துவைத்த சட்டையை மாட்டினான். படுக்கையைச் சரிசெய்தான், கட்டிலின் ஒரு பாதியில்தான் சுருக்கம் இருந்தது, அதனால் வேலை சீக்கிரம் முடிந்தது. ஜன்னலைச் சாத்திவிட்டுப் படியிறங்கி, கீழ்த்தளத்தில் இருந்த தன் அலுவலகத்தைத் திறந்தான்.

ஆந்தை என்பது ஊர் வைத்த பெயர். கண் சிமிட்டாமல் கேட்பான், கேட்டதை வெளியே விடமாட்டான். துப்பறியும் தொழிலுக்கு இரண்டும் உதவின. அவனிடம் இல்லாத வாய்க்கு ஈடாக ஓர் உதவியாளன் இருந்தான். முப்பது வயது, முன்பு காப்பீடு விற்றவன், பேச்சை நிறுத்தும் வித்தை மட்டும் கைவராதவன். அவனை எல்லோரும் வால் என்றார்கள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. அரை மணி நேரம் கூட இருந்தால் தெரிந்துவிடும்.

அன்று வால் வருவதற்கு முன்பே ஓர் அம்மா வந்து வாசலில் நின்றிருந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. தையற்கடை வைத்திருக்கிறவர். கையில் பினாயில் நெடி. உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தார், வளைத்துப் பேசவில்லை.

"தம்பி, எனக்கும் என் மருமகளுக்கும் ஆகாது. அத முதல்லயே சொல்லிடறேன். வாய்த்துடுக்கு ஜாஸ்தி. ஆனா கை சுத்தம்."

அப்போதுதான் உள்ளே நுழைந்த வால், மாமியாரே நற்சான்று கொடுத்தால் அது எந்த நீதிமன்றத்திலும் செல்லுமே என்றான். அந்த அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இவர் யாரு, உங்க தம்பியா?" என்றார். இல்லை என்று ஆந்தை அவசரமாகச் சொன்னான்.

விஷயம் இதுதான். மருமகளுக்கு ஓர் இணையதளத்தில் வேலை. தேர்தல் சமயத்தில் வாக்காளர்கள் அதில் போய் இருபத்தைந்து கருத்துகளைப் படிப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் சரி, தவறு, நடுவில் என்று மூன்று பொத்தான்கள். கட்சிகளும் அதே கருத்துகளுக்கு முன்பே பதில் கொடுத்திருக்கும். கடைசியில் தளம் இரண்டையும் ஒப்பிட்டு, எந்தக் கட்சியோடு எத்தனை சதவீதம் ஒத்துப்போகிறது என்று சொல்லும். அந்தக் கருத்துகளை எழுதுவதுதான் மருமகளின் வேலை. அலுவலகத்தில் அவளுக்குக் கேள்விக்காரி என்று பெயர்.

இந்தத் தேர்தலில் தளம் விசித்திரமாக நடந்துகொண்டது. முந்தைய தேர்தலில் கட்டுத்தொகையைப் பறிகொடுத்த, நான்காவது இடத்தில் கிடந்த ஒரு கட்சி, பார்த்தவர்களில் பாதிப்பேருக்கு மேல் முதல் பொருத்தமாக வந்தது. தொலைக்காட்சிகள் அதை அலை என்றன. அலை என்றதும் கரையில் இருந்தவர்களும் குதித்தார்கள். மற்ற மூன்று கட்சிகளும் கூச்சல் போட, தளத்தின் இயக்குநராக இருந்த பெண்மணி, கேள்விக்காரி கையூட்டு வாங்கிக்கொண்டு கேள்விகளைச் சாய்த்துவிட்டாள் என்று பத்திரிகைக்குச் சொல்லிவிட்டார். அன்று மாலை செய்தியாளர்களைக் கூட்டி, அவளைப் போலீசில் ஒப்படைக்கப்போவதாகவும் அறிவித்திருந்தார்.

"ராத்திரி எவனோ எங்க வாசக்கதவுல மலத்த அப்பிட்டுப் போயிருக்கான்" என்றார் மாமியார். "அவ எந்திரிக்கறதுக்குள்ள நானே கழுவிட்டு வந்தேன். என் பையன் கப்பல்ல வேல பாக்கறான். வந்து கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

அலுவலகத்தில் பழி போடுகிறவர் ஒருவர், கதவில் அப்புகிறவன் இன்னொருவன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். கட்டணம் எவ்வளவு என்று அந்த அம்மா கேட்டபோது, ஒரு சட்டை தைத்துக்கொடுங்கள் என்றான்.

"எனக்குமா?" என்றான் வால்.

"உனக்கு வாய்க்கு ஒரு ஜிப்பு" என்றார் அந்த அம்மா.

ஆந்தை முதலில் கேள்விக்காரியிடம் தொலைபேசியில் பேசினான். குரல் கம்மியிருந்தது, ஆனால் விவரம் துல்லியமாக வந்தது. அங்கே யாரும் கட்சியின் பெயரை வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்பது விதியாம். பாரபட்சம் தொற்றிக்கொள்ளும் என்று பயம். அதனால் நான்கு கட்சிகளுக்கும் மேசை, நாற்காலி, பெஞ்சு, ஸ்டூல் என்று பெயர். கட்சிகளின் பதில்கள் நேராக இயக்குநருக்குப் போகும்; அவர் பெயரை மறைத்து, மரச்சாமான் பெயரோடு மற்றவர்களுக்கு அனுப்புவார். எது எந்தக் கட்சி என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். தளம் திறந்த பிறகுதான் உண்மையான பெயர்கள் வரும். எது எது என்று அவள் இப்போது சொன்னாலும், ஆந்தைக்கு மரச்சாமான் பெயர்களே வசதியாக இருந்தன.

"இப்ப அலைங்கறாங்களே, அந்தக் கட்சிதான் ஸ்டூல். அதோட பதில் கடைசியா வந்துச்சு சார். இருபத்தஞ்சும் நடுவில். இது பதில் மாதிரியே இல்லையேன்னு இயக்குநர் மேடத்துகிட்ட கேட்டேன். நடுவுல இருக்கறவங்களால யாருக்கும் கெடுதல் இல்லன்னாங்க."

பேருந்தில் இடம் கிடைத்தது. ஆந்தை தன் தொலைபேசியில் தளத்தைத் திறந்து, இருபத்தைந்து கருத்துகளையும் படித்து, யோசித்து, சரி அல்லது தவறு என்றே பதில் சொன்னான். மேசை, நாற்காலி, பெஞ்சுக் கட்சிகள் ஏறியும் இறங்கியும் வந்தன. ஸ்டூல் சரியாக ஐம்பது. மறுபடி தொடங்கி, சரி என்ற இடத்தில் எல்லாம் தவறு என்றும், தவறு என்ற இடத்தில் எல்லாம் சரி என்றும் தலைகீழாகப் போட்டான். மற்ற மூன்றும் தலைகீழாயின. ஸ்டூல் அப்போதும் ஐம்பது. நேரே நின்றாலும் ஐம்பது, தலைகீழாக நின்றாலும் ஐம்பது என்றால் அது கட்சி இல்லை, மதில் மேல் பூனை.

ஆனால் ஐம்பதை வைத்துக்கொண்டு யாருக்கும் முதலிடம் வராது. பாதிப்பேருக்கு மேல் எப்படி வந்தது?

பக்கத்து இருக்கையில் வாலும் அதையே செய்துகொண்டிருந்தான். அவன் வழி வேறு. முதல் கருத்தே நாலு வரி இருந்ததால் படிக்காமல் 'அடுத்து' என்பதை அழுத்தினான். இரண்டாவதையும் அப்படியே. இருபத்தைந்தும் தாண்டி, தொலைபேசியை ஆந்தையின் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"பாஸ், வாழ்க்கையில முதல் தடவையா நூத்துக்கு நூறு. எங்க அப்பா உயிரோட இருந்திருக்கணும்."

ஸ்டூல், நூறு சதவீதம்.

ஆந்தை அந்த எண்ணை நிறைய நேரம் பார்த்தான். பதில் சொல்லாமல் தாண்டினால் தளம் அதை நடுவில் என்று கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஏழெட்டுக் கேள்வியில் சலித்து, மிச்சத்தைத் தாண்டுகிற ஒவ்வொருவரும் ஸ்டூலின் ஆளாகிவிடுகிறார். ஊரில் பொறுமை இல்லாதவர் எத்தனை பேரோ, அத்தனை பேர் அந்தக் கட்சியின் அலை.

கேள்விகள் எதுவும் சாய்ந்திருக்கவில்லை. கேள்விக்காரி எழுதியது எதையும் யாரும் படிக்கவே இல்லை.

வால் உடனே வழக்கை முடித்துவைத்தான். தாண்டினால் நடுவில் என்ற ரகசியம் ஸ்டூல் கட்சிக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது; அதனால்தான் எல்லாவற்றுக்கும் நடுவில் என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள்; சொல்லிக்கொடுத்த ஆளைப் பிடித்தால் சட்டை நமக்கு. நிறுத்தம் வந்ததும் ஆந்தை இறங்கினான்.

தளத்தின் அலுவலகம் ஒரு கட்டடத்தின் நான்காவது மாடியில் இருந்தது. உள்ளே எல்லாம் சாம்பல் நிறம். சுவர், திரை, நாற்காலி, தேநீர்க் கோப்பை, சாம்பல். எந்தக் கட்சியின் நிறமும் கண்ணில் பட்டுவிடக் கூடாதாம். வால் அன்று மஞ்சள் சட்டை போட்டிருந்தான். வரவேற்பில் இருந்த பெண் முகம் மாறாமல் ஒரு சாம்பல் மேலங்கியை எடுத்து நீட்டினாள். அதை மாட்டிக்கொண்டதும் தான் சாணை பிடிக்கிறவன் மாதிரி இருப்பதாக வால் முணுமுணுத்தான்.

கணினி நிரலாளரிடம் இரண்டு நிமிடம் கிடைத்தது. தாண்டினால் நடுவில் என்பது தொடக்கத்திலிருந்தே இருக்கிற ஏற்பாடு என்றார். கேள்விக்காரி மட்டும்தான் அதைக் கூடாது என்று கூட்டம் தவறாமல் சண்டை போட்டாளாம். அவள் சொன்னது சரி என்று அவருக்கும் தெரியுமாம். ஏன் சொல்லவில்லை என்று ஆந்தை கேட்டான். அவர் திரையைப் பார்த்துக்கொண்டு, தான் கருத்துச் சொல்கிற பதவியில் இல்லை என்றார்.

இயக்குநரின் அறை இன்னும் கொஞ்சம் அடர்ந்த சாம்பல். அவர் ஐம்பதைத் தாண்டிய பெண்மணி, மிருதுவாகப் பேசினார். பேச்சில் ஒரு முள்கூட இல்லை. வழுவழுவென்று இருந்தது, சோப்பு நீரில் நனைத்த துணி போல. கேள்விக்காரி குற்றவாளியா என்று ஆந்தை கேட்டான். ஒரு முடிவுக்கு உடனே வருவதும் பொருத்தமல்ல, வராமலே இருப்பதும் பொருத்தமல்ல என்றார். ஸ்டூலின் பதில் எப்படி வந்தது என்று கேட்டான். நடைமுறைகளை மதிக்க வேண்டும், அதே சமயம் நடைமுறைகளுக்கு அடிமையாகிவிடவும் கூடாது என்றார். தேநீர் கிடைக்குமா என்று வால் கேட்டான்.

"தேநீர் நல்லதுதான்" என்றார் இயக்குநர். "அதுக்காக வேண்டாதவங்கள வற்புறுத்தவும் கூடாது."

தேநீர் வரவில்லை.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். வால் மேலங்கியைக் கழற்றி, தலைமேல் முக்காடாகப் போட்டுக்கொண்டு, கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து இயக்குநரைப் போலவே பேச ஆரம்பித்தான். அவனுக்கு எந்தக் குரலும் வரும்.

"நடைமுறைகளை மதிக்க வேண்டும்" என்றான் வால்.

"அதே சமயம் நடைமுறைகளுக்கு அடிமையாகிவிடவும் கூடாது" என்றான் ஆந்தை.

வால் நிறுத்தினான். பாஸ் நகைச்சுவைக்குத் துணை நிற்பது வழக்கமில்லை. தேநீர் வாக்கியத்துக்குப் போனான். பாதியில் ஆந்தை குறுக்கிட்டு, "தடுப்பூசி நல்லதுதான். அதற்காக வேண்டாதவர்களை வற்புறுத்தவும் கூடாது" என்றான்.

"பாஸ், அது தேநீர்."

"நான் சொல்லல. படிக்கறேன்."

தொலைபேசியைத் திருப்பிக் காட்டினான். தளத்தில் ஒவ்வொரு பதிலுக்குக் கீழேயும் 'ஏன்?' என்று ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் கட்சி தன் காரணத்தை ஒரு வரியில் சொல்லும். மேசைக் கட்சி திட்டியிருந்தது. பெஞ்சுக் கட்சி தன் தலைவரைப் புகழ்ந்திருந்தது. ஸ்டூல் கட்சி இருபத்தைந்து இடங்களிலும் ஒரே மாதிரி வழுக்கியிருந்தது. பள்ளிகளில் கட்டாயத் தடுப்பூசி, சாலை வரி, நகராட்சி ஏலம், எதைக் கேட்டாலும் முன்பாதி ஒன்று சொல்லும், பின்பாதி அதைத் துடைத்துவிடும்.

சுவரொட்டியில்கூட எதிரியைப் பன்றி என்று எழுதும் கட்சி அது. அந்தக் கட்சி அலுவலகத்தில் இப்படி எழுதத் தெரிந்தவர் ஒருவரும் இருக்க முடியாது. இப்படிப் பேசுகிறவர் ஒருவர், இந்தப் படிக்கட்டிலிருந்து இருபதடி தூரத்தில், சாம்பல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

வால் முக்காட்டை எடுத்தான். "அப்ப ஸ்டூல்காரன் பதிலே அனுப்பலையா?"

"இவங்க அனுப்பின கடிதத்தப் பிரிச்சிருக்கவே மாட்டான்."

யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. யாரும் கையூட்டு வாங்கவில்லை. ஊமை ஊரைக் கெடுக்கும் என்பார்கள். இங்கே ஊமைக்கு ஒருத்தி பின்னணிக் குரல் கொடுத்திருந்தாள்.

மாமியாரைத் தொலைபேசியில் வரச்சொன்னான். அவர் வந்ததும் மூவரும் கதவைத் தட்டாமல் உள்ளே போனார்கள். வரவேற்புப் பெண் மேலங்கியோடு ஓடிவந்தாள். மாமியார் கட்டியிருந்த சிவப்புச் சேலையைப் பார்த்து அவள் நடுங்கியது நிஜம். "தள்ளிப் போம்மா, துணியப் பத்தி என்கிட்டப் பேசாத" என்றார் மாமியார்.

ஆந்தை தான் கண்டதை நான்கு வாக்கியத்தில் சொன்னான். இயக்குநர் கேட்டுக்கொண்டார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. இதையெல்லாம் கட்சியிடமே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளலாமே என்று சொல்லி, ஸ்டூல் கட்சியின் பொதுச்செயலாளரை அழைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியைப் போட்டார். தளத்தில் உள்ள பதில்கள் உங்களுடையவைதானா என்று சிலர் சந்தேகப்படுகிறார்கள் என்றார்.

மறுமுனையில் கனத்த குரல் வந்தது. "எங்க பதில்தான். ஒவ்வொரு எழுத்தும் எங்க செயற்குழுவுல உக்காந்து எழுதினது."

இயக்குநர் முதன்முறையாகப் புன்னகைத்தார். வாலின் முகம் தொங்கிப்போனது. மாமியார் ஆந்தையைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இவனும் இவ்வளவுதானா என்ற சலிப்பு இருந்தது.

எழுதாத பதிலைத் தன்னுடையது என்கிறவன் ஒருவன். அதைக் கேட்டுச் சிரிக்கிறவர் ஒருவர். இருவரும் முன்கூட்டிப் பேசிவைத்துக்கொள்ளவில்லை. அதற்குத் தேவையே இருக்கவில்லை.

அவன் மேசைப் பக்கம் குனிந்தான். ஓர் ஐயத்தைத் தீர்த்துவிட்டால் போதும் என்றான். இருபத்தாறாவது கருத்து, பூங்காக்களில் முதியோருக்குத் தனிக் கதவு. அதற்கும் நீங்கள் நடுவில் என்று சொல்லியிருக்கிறீர்கள். அதுவும் உங்கள் பதில்தானா?

இயக்குநரின் கை ஒலிபெருக்கிப் பொத்தானை நோக்கி நகர்ந்தது. மாமியார் அந்தக் கையின்மேல் தன் கையை வைத்தார். முப்பது வருடம் கத்தரி பிடித்த கை.

"எங்க பதில்தான்" என்றார் பொதுச்செயலாளர். "முதியோர் விஷயத்துல கட்சிக்குத் தெளிவான பார்வை இருக்கு."

வால் இந்த வாய்ப்பை விடுவானா. ஆந்தையின் தோளுக்கு மேலாக எட்டிப்பார்த்து, இயக்குநரின் மிருதுவான குரலிலேயே கேட்டான். "இருபத்தேழாவது, கடலுக்கு மூடி போடறது. அதுலயும் நடுவுலன்னு சொல்லியிருக்கீங்க."

"ஆமா. நாங்க அவசரப்பட மாட்டோம். மீனவர்களக் கலந்துக்கிட்டுத்தான் மூடி."

யாரும் சிரிக்கவில்லை. ஆந்தை இணைப்பைத் துண்டித்தான். தளத்தில் இருப்பது இருபத்தைந்து கருத்துகள். அவற்றில் பூங்காவும் இல்லை, கடலும் இல்லை. பதில் எழுதியவருக்கு அது தெரிந்திருக்கும். உரையாடல் தன் தொலைபேசியில் பதிவாகியிருப்பதை வால் காட்டினான்.

இயக்குநர் நாற்காலியில் சாய்ந்தார். பேசியபோது வாக்கியத்துக்குப் பின்பாதி இல்லை. ஸ்டூல் கட்சிக்கு மூன்று முறை எழுதினாராம், ஆள் அனுப்பினாராம், பதில் வரவில்லை. ஒரு கட்சி விட்டுப்போனாலும் 'எல்லாக் கட்சிகளும் பங்கேற்றன' என்ற பட்டையைத் தளத்தில் போட முடியாது; பட்டை இல்லாவிட்டால் தொலைக்காட்சிக்காரர்கள் திரும்பியும் பார்க்கமாட்டார்கள். அதனால் அவரே எழுதி, நடுவில் வைத்துவிட்டார். நடுவில் வைத்தால் யாருக்கும் சேதமில்லை என்று உண்மையாகவே நம்பினாராம். தளம் திறந்த முதல் நாள் மாலையே என்ன நடக்கிறது என்று புரிந்துவிட்டதாம்.

"புரிஞ்சதும் நிறுத்தல" என்றான் ஆந்தை.

பார்வையாளர்கள் கூடிக்கொண்டே இருந்தார்கள் என்றார் அவர்.

ஆந்தை ஒன்றே ஒன்று கேட்டான். மாலையில் செய்தியாளர்கள் முன்னால் கேள்விக்காரியின் பெயரில் ஒட்டிய பழியை அவர் வாயாலேயே துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் கடல்மூடி இரவுச் செய்தியில் வரும்.

அவர் அப்படியே செய்தார். கீழ்த்தளக் கூடத்தில், ஒலிவாங்கிகளின் முன்னால், கேள்விக்காரி எந்தத் தவறும் செய்யவில்லை என்றும் ஸ்டூலின் பதில்களைத் தானே எழுதியதாகவும் படித்துவிட்டு இறங்கினார். அதற்குள் ஸ்டூல் கட்சி ஓர் அறிக்கை விட்டிருந்தது. உண்மை வெளிவந்ததை வரவேற்பதாகவும், ஆயினும் மக்கள் அலை உண்மையானது என்றும் அதில் இருந்தது. அன்றிரவு அந்தக் கட்சி கருத்துக்கணிப்பில் இன்னும் இரண்டு புள்ளி ஏறியது. கதவில் அப்பியவன் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. அவனும் ஓட்டுப் போடுவான்.

மறுநாள் பத்திரிகைகள் இயக்குநரின் கடைசி வார்த்தைகள் என்று ஒரு பத்தி போட்டன. மனச்சாட்சிக்குக் கட்டுப்பட்டு விலகுவதாகவும், சக ஊழியரிடம் கண்ணீரோடு மன்னிப்புக் கேட்பதாகவும் அவர் சொன்னாராம். கூட்டத்தில் ஆந்தை கடைசி ஆள் போகும்வரை இருந்தான். கண்ணீர் எதையும் பார்க்கவில்லை.

அன்று மாலை கூட்டம் கலைந்தபின் அவர் மின்தூக்கிக்காகக் காத்திருந்தார். மாமியார் அவர் எதிரில் போய் நின்றார். குரலை உயர்த்தவில்லை. இந்த ஆபீசில் இத்தனை பேர் இருக்கிறார்களே, பழியைப் போட என் மருமகளை ஏன் தேர்ந்தெடுத்தாய் என்று கேட்டார். இயக்குநர் பொத்தானை இன்னொரு முறை அழுத்தினார். நேர்மையாக நினைவுபடுத்திப் பார்க்கிறவரைப் போல நெற்றியைச் சுருக்கினார். கதவு திறந்தது. உள்ளே போய்த் திரும்பி நின்றுகொண்டு, அவர் உண்மையில் கடைசியாகச் சொன்னது இதுதான்:

"யாராவது ஒருத்தரச் சொல்லணும்ல? அன்னைக்கு அவதான் லீவு."